பக்கத்து வீட்டு அகதிகள்: கோலாலம்பூரில் நம் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செந்தூல், செலாயாங் பக்கத்து அடுக்குமாடிகளில் இருக்கும் நம்மவர்கள் அகதிகளைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். லிஃப்ட்டில் கேட்கிறார்கள், குடியிருப்பாளர் கூட்டத்தில் கேட்கிறார்கள், கோவிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போதும் கேட்கிறார்கள். எங்கள் பிளாட்டின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் அகதிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்துப் பேச்சும் என் காதில் விழுகிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். கோபமான கேள்விகளையும் விடவில்லை. பல நேரம் அந்தக் கோபத்துக்குக் காரணமான தொல்லை உண்மையானதுதான்.

இவங்க எல்லாம் பங்களாதேஷ் தொழிலாளிங்கதானே? அகதின்னு தனியா என்ன இருக்கு?

வெளிநாட்டுத் தொழிலாளி கடப்பிதழும் பெர்மிட்டும் எடுத்துக்கொண்டு வேலைக்கென்று வருகிறார். பிடிக்கவில்லை என்றால் ஊருக்குத் திரும்பலாம். அகதிக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து. மலேசியாவில் ஐ.நா. அகதிகள் அலுவலகமான யுஎன்எச்சிஆரில் பதிந்திருப்பவர்கள் ஏறக்குறைய 2 லட்சம் பேர். பத்தில் ஒன்பது பேர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். மற்றவர்கள் பாகிஸ்தான், ஏமன், ஆப்கானிஸ்தான், சிரியா, சோமாலியா, இலங்கை என்று பல நாட்டவர்.

மியன்மார்காரர்களும் ஒரே கூட்டம் அல்ல. இங்கே ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கும் ரொஹிங்யாக்கள் முஸ்லிம்கள். அந்த நாட்டின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை வெளியே தள்ளிவிட்டது. 2017 ஆகஸ்டில் ராணுவம் கிராமங்களைக் கொளுத்தியபோது 7 லட்சத்துக்கும் அதிகமானோர் வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். புடு பக்கம் அதிகம் காணப்படும் சின் மக்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், மலைப்பகுதியைச் சேர்ந்தவர்கள். 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பிறகு அவர்கள் ஊர்களில் சண்டை இன்னும் மோசமானது.

அந்த யுஎன் கார்டு ஐசி மாதிரியா? அதை வச்சுக்கிட்டு என்ன வேணா செய்யலாமா?

இல்லை. ‘இவர் எங்கள் பாதுகாப்பில் இருப்பவர்’ என்று யுஎன்எச்சிஆர் சொல்லும் சான்று அது, அவ்வளவுதான். மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் கையெழுத்துப் போடவில்லை. நம் குடிநுழைவுச் சட்டமும் அகதி என்று தனியாக யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. சட்டப்படி பெர்மிட் இல்லாதவர், பெர்மிட் இல்லாதவர்தான்.

நடைமுறையில் போலீஸ் வழிமறித்தால் கார்டைச் சரிபார்த்துவிட்டு அனுப்புவது உண்டு. அனுப்பாமல் போவதும் உண்டு. கார்டால் வேலை செய்யும் உரிமை வராது, அரசுப் பள்ளியில் இடம் வராது, ஓட்டு வராது, குடியுரிமையும் வராது.

நம்ம ஆளுங்களுக்கே குடிமக்களோட நீல ஐசி கிடைக்கல. மூணு தலைமுறையா இங்கே இருக்கோம். இவங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைக்குது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மீது எனக்குக் கோபமே வருவதில்லை. தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசியோடு அல்லது அதுவும் இல்லாமல் முதுமையடைந்தவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். பெற்றோர் திருமணத்தைப் பதியாமல் விட்டு, தாய் வெளிநாட்டவராகவும் இருந்துவிட்டால், தந்தை மலேசியக் குடிமகனாக இருந்தாலும் பிள்ளை நாடற்றவனாகிவிடுகிறான். தேசியப் பதிவிலாகாவுக்கு அலைந்து அலைந்து செருப்பு தேய்ந்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

ஆனால் அந்த வரிசையில் அகதிகள் நிற்கவே இல்லை. ஐ.நா. கார்டு வைத்திருப்பதால் யாருக்கும் நீல ஐசியோ சிவப்பு ஐசியோ கிடைப்பதில்லை. அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைக்கும் பிறந்த மண்ணை வைத்து மட்டும் குடியுரிமை வராது. நம் பிள்ளையின் விண்ணப்பம் கிடப்பில் கிடக்கிறது என்றால் அதற்குக் காரணம் பதிவிலாகாவிலும் உள்துறை அமைச்சிலும் சட்டத்திலும் இருக்கிறது. பக்கத்து வீட்டு ரொஹிங்யா குடும்பத்தை விரட்டினால் அந்தக் கோப்பு ஓர் அங்குலம்கூட நகராது. காகிதம் இல்லாமல் வாழ்வது என்றால் என்ன என்று புரியவைக்கத் தேவையில்லாத அண்டை வீட்டுக்காரர்கள் கோலாலம்பூரில் யாராவது இருந்தால், அது நாம்தான்.

மாசாமாசம் ஐ.நா. காசு கொடுக்குதாமே? அது நம்ம வரிப் பணமா?

பொதுவாக எல்லோருக்கும் மாதப்படி என்று எதுவும் கிடையாது. மிகவும் நலிந்த சில குடும்பங்களுக்கு மட்டும் சில சமயம் பண உதவி கிடைக்கும். யுஎன்எச்சிஆர் பல நாடுகளும் தனியாரும் விரும்பிக் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது. மற்ற அகதிகள் கட்டடம், உணவகம், சந்தை, பழைய இரும்பு, குப்பை அள்ளுதல் என்று கிடைத்த வேலையைச் செய்து வாடகை கட்டுகிறார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில இவங்களுக்கு ஃப்ரீயா?

கிடையாது. நாம் ஒரு ரிங்கிட் கட்டிச் சாதாரண வெளிநோயாளிப் பிரிவில் பார்த்துக்கொள்கிறோம். அவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம், ஐ.நா. கார்டு இருந்தால் அதில் பாதி தள்ளுபடி. அந்தப் பாதியே தினக்கூலிக்காரருக்குப் பெரிய தொகை. அதனால் காய்ச்சல் முற்றும்வரை வீட்டிலேயே கிடக்கிறார்கள். கார்டு இல்லாதவர்கள் இன்னும் பயப்படுவார்கள், ஏனென்றால் மருத்துவமனை குடிநுழைவுத் துறைக்குத் தகவல் சொல்லிவிடும் என்ற அச்சம் உண்டு. காசநோயோ தொற்றோ இருந்தால் அது ஒரே லிஃப்ட்டைப் பயன்படுத்தும் நமக்கும் நல்லதல்ல. தொண்டு நிறுவனங்களின் கிளினிக்குகள் இருக்கின்றன; யாராவது உடம்பு சரியில்லாமல் இருப்பது தெரிந்தால் அங்கே போகச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூட நேரத்துல அந்தப் பிள்ளைங்க ஏன் கீழே சுத்திக்கிட்டு இருக்காங்க? பெத்தவங்க அனுப்ப மாட்டாங்களா?

அனுப்புவதற்கு அரசுப் பள்ளி இல்லை. அகதிப் பிள்ளைகள் அங்கே சேர முடியாது. சமூகமும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் கற்றல் மையங்கள்தான் அவர்களுக்குப் பள்ளி. செந்தூலில் 1998லிருந்து நடக்கும் டிக்னிட்டி போன்ற நல்ல இடங்கள் உண்டு. ஆனால் பல மையங்கள் கடை மாடியில் இரண்டு அறை, ஒரு மின்விசிறி, தொண்டூழிய ஆசிரியர் என்று ஓடுகின்றன. பள்ளி வயதில் இருப்பவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே வகுப்பில் இருக்கிறார்கள்.

எங்கள் சனிக்கிழமை வகுப்பில் பத்து வயதுப் பையன் ஒருவன் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வான், பெயரை எழுதச் சொன்னால் தயங்குவான். காய்கறிக் கடையில் சில்லறை எண்ணியே கணக்குப் படித்தவன். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதைப் படித்தால், வாரத்தில் இரண்டு மணி நேரம் கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். அந்தப் பிள்ளைகளிடம் பெரும்பாலும் மலாய் ஓடும், மொழி ஒரு தடையே இல்லை.

ஒரு வீட்டுல பதினஞ்சு பேர் இருக்காங்க. படிக்கட்டெல்லாம் குப்பை, நடுராத்திரி மோட்டார் சத்தம். நாங்க எவ்வளவுதான் பொறுத்துப் போறது?

எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. நான் பார்த்தவரை சண்டை மதத்தில் தொடங்குவதில்லை, நாட்டில் தொடங்குவதில்லை. குப்பை, சத்தம், மோட்டார் நிறுத்தும் இடம், இந்த மூன்றில்தான் தொடங்குகிறது. பொறுத்துப் போகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பொறுத்துப் பொறுத்து ஒரு நாள் வெடிக்கும்போது ‘ரொஹிங்யா’ என்ற சொல்லே வசவாகிவிடுகிறது.

முதலில் ஆள் நெரிசல். அகதிக்கு வீடு கொடுப்பவர்கள் குறைவு. கொடுக்கிறவர் வாடகையைக் கூட்டிச் சொல்வார், அதைக் கட்ட மூன்று குடும்பம் சேர வேண்டும். சில உரிமையாளர்கள் கிள்ளானிலோ பூச்சோங்கிலோ உட்கார்ந்துகொண்டு தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள் குடியிருப்பவரை மட்டும் அல்ல, உரிமையாளரையும் கட்டுப்படுத்தும். எனவே குடியிருப்பு நிர்வாகக் குழுவான ஜேஎம்பியின் கடிதம் உரிமையாளருக்குப் போகட்டும். வாடகைக்காரரைத் திட்டினால் அவர் தலையைக் குனிந்துகொள்வார், மறுநாளும் அதே பதினைந்து பேர்தான்.

அடுத்து குப்பை. எங்கள் பிளாட்டில் காலையில் படிக்கட்டுத் திருப்பத்தில் பைகள் கிடக்கும். போய்க் கேட்டபோதுதான் விவரம் தெரிந்தது. அந்த வீடுகளில் உள்ள ஆண்கள் செலாயாங் மொத்தச் சந்தையில் இரவு வேலை பார்க்கிறார்கள். சந்தை நள்ளிரவில்தான் சூடு பிடிக்கும். விடியற்காலை அவர்கள் திரும்பும்போது குப்பை அறை பூட்டியிருக்கும். பகலில் வீட்டுப் பெண்கள் கீழே இறங்கப் பயப்படுகிறார்கள். இப்போது காவலாளி காலை ஆறு மணிக்கே அறையைத் திறந்துவிடுகிறார். அறிவிப்பும் ஒட்டினோம். பர்மிய மொழியில் எழுதலாம் என்றார் ஒருவர், ஆனால் ரொஹிங்யாக்களில் பலருக்கு அது படிக்கத் தெரியாது, அவர்கள் மொழி வேறு. கடைசியில் சனிக்கிழமை வகுப்புப் பையன் ஒருவன் படமாகவே வரைந்து கொடுத்தான்: கட்டிய பை, ஆறு மணி காட்டும் கடிகாரம், அம்புக்குறி, படிக்கட்டின் மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. லிஃப்ட் பக்கத்தில் அது இன்னும் ஒட்டியிருக்கிறது. நம் பாட்டிமார்களுக்கும் அது புரிகிறது.

வெற்றிலைக் கறை இன்னொரு தொல்லை. மியன்மார் மக்கள் நம் தாத்தா பாட்டி போல வெற்றிலை போடுகிறவர்கள். மாடிக்கு ஒரு மணல் நிரப்பிய டின் வைத்ததில் பாதிக் கறை குறைந்தது. மோட்டாரை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே கிளப்பச் சொன்னோம். பெரும்பாலோர் கேட்கிறார்கள். கேட்காத ஒன்றிரண்டு பேரை அவர்கள் சமூகத்துப் பெரியவரிடம் சொல்லித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது, அதுவும் இரண்டு வாரத்துக்குத்தான் நிற்கிறது.

ஒவ்வொரு புளோக்கிலும் இப்படி ஒரு பெரியவர், கூடவே மலாய் தெரிந்த ஒரு பெண், இருவரின் எண்ணும் நிர்வாகத்திடம் இருப்பது நல்லது. எழுதி அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள். கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுத் துப்புரவுப் பணி வைத்தால் தகவல் அவர்களுக்கும் போகட்டும். ‘வரமாட்டார்கள்’ என்று முடிவு செய்துவிட்டு, பிறகு ‘வரவில்லை’ என்று குறை சொல்வது நியாயம் இல்லை.

நான் சின்னதா ஒட்டுக்கடை வச்சிருக்கேன். ஒரு அகதிப் பையனை வேலைக்கு வைக்கலாமா?

முறையான பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைப்பது குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவின்படி குற்றம். ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 12 மாதம்வரை சிறை, அல்லது இரண்டுமே. ஐ.நா. கார்டு வேலை பெர்மிட் ஆகாது என்று மேலே சொன்னேன். ஊரெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் உங்களை வைக்கச் சொல்லி நான் எழுத முடியாது. சட்டத்தை மீறாத வழியும் உண்டு. அகதிப் பெண்கள் தொண்டு அமைப்புகள் மூலம் தைத்தும் சமைத்தும் விற்கிறார்கள், அவற்றை வாங்கலாம்.

‘நம்ம வேலையைப் பிடுங்கிட்டாங்க’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆகியிருக்கிறது. சட்டத்துக்கு வெளியே நிற்பவருக்கு முதலாளி அதில் பாதியைக் கொடுத்தாலும் அவரால் புகார் செய்ய முடியாது. அப்புறம் நம் பையனை யார் முழுச் சம்பளத்துக்கு எடுப்பார்கள்? அவர்களுக்கு வேலை உரிமை கொடுத்தால் இந்தக் குறுக்கு வழி அடைபடும். 2018 தேர்தலில் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி தன் அறிக்கையில் அதைச் சொன்னது. 2019இல் ஐடியாஸ் என்ற ஆய்வு நிறுவனம், வேலை உரிமை கொடுத்தால் ஐந்தாண்டில் பொருளாதாரத்துக்கு ஆண்டுக்கு 300 கோடி ரிங்கிட் அளவுக்குப் பங்களிப்பு வரும் என்று கணக்கிட்டது. இன்னும் நடக்கவில்லை.

வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ வந்துச்சு. குடியுரிமை கேட்கிறாங்களாம், இடம் கேட்கிறாங்களாம். உண்மையா?

2020 ஏப்ரலில், நோய்ப் பரவலால் நாமெல்லாம் வீட்டுக்குள் இருந்தபோது, ரொஹிங்யாத் தலைவர் ஒருவர் குடியுரிமையும் சம உரிமையும் கேட்டதாக ஒரு செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுத்தார். அதற்குள் அவர் குடும்பத்துக்கு மிரட்டல்கள் வந்துவிட்டன, விரட்டச் சொல்லி இணையத்தில் மனுக்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கின. இன்றும் அதே கதை புது வீடியோவோடு சுற்றுகிறது.

எந்த ஊர், எந்த நாள், யார் எடுத்தது என்று தெரியாத வீடியோவை நம் தாமான் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். போட்டவரை எல்லோர் முன்னும் மட்டம் தட்டாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மாமாவோ சித்தப்பாவோ அனுப்பியிருந்தால் இது கஷ்டம்தான், ஆனாலும் சொல்லுங்கள்.

திருட்டு, அடிதடின்னா பயமா இருக்கே?

குற்றம் நடந்தால் 999க்கு அழையுங்கள், யார் செய்தாலும். அகதி என்பதற்காக மூடி மறைக்கத் தேவையில்லை. செய்தவனைச் சொல்லுங்கள், அவன் இனத்தைச் சொல்லாதீர்கள். ‘இந்தியன் என்றாலே கேங்ஸ்டர்’ என்று நம் பையன்களைப் பார்த்து இந்த நாட்டில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்? அது எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியும். இன்னொன்று, அகதிகளே பறிகொடுப்பதும் அடிபடுவதும் உண்டு. பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்று போலீஸுக்குப் போகமாட்டார்கள். சாட்சியாகக் கூடப் போக ஒரு மலேசியர் இருந்தால் அவர்களுக்குத் தைரியம் வரும்.

தீபாவளிக்குக் கூப்பிடலாமா? சாப்பிடலைன்னா நமக்குத்தானே அவமானம்?

கூப்பிடுங்கள். ரொஹிங்யாக்கள் ஹலால் பார்ப்பவர்கள். உங்கள் சமையலைத் தொடாமல் போனால் அவமதிப்பு அல்ல. நம் மலாய் நண்பர்களுக்கு என்ன செய்வோமோ அதையே செய்யுங்கள்: பழம், டின் பானம், முத்திரை போட்ட பிஸ்கட். சின் மக்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, முறுக்கு தட்டு காலியாகிவிடும். படம் எடுத்து முகநூலில் போடும் முன் கேளுங்கள். ஊரில் இருக்கும் அவர்கள் உறவினருக்கு அந்தப் படத்தால் ஆபத்து வரலாம். அரிசி மூட்டை கொடுக்கும்போது கையைப் பிடித்துப் படம் எடுப்பதை அறவே விட்டுவிடலாம்.

இலங்கைத் தமிழ் அகதிகள் இன்னும் இங்கே இருக்காங்களா?

இருக்கிறார்கள். 2009இல் போர் முடிந்த காலத்தில் இருந்ததைவிட இப்போது குறைவு. நம்மோடு தமிழ் பேசிப் பழகுவதால் அகதி என்றே பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் அவர்கள் கையில் இருப்பதும் அதே கார்டு, அதே வரம்புகள். அவர்களுக்காக உருகுகிற நாம் மாடியில் இருக்கும் ரொஹிங்யாவைப் பார்த்து முகம் சுளிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓடிவந்த காரணம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

பேசாம திருப்பி அனுப்பிட்டா என்ன? இல்ல வேற நாட்டுக்காவது போகலாமே?

எந்த ஆபத்திலிருந்து தப்பி வந்தார்களோ அதனிடமே திருப்பி அனுப்பக் கூடாது என்பது உலக வழக்குச் சட்டம். உடன்படிக்கையில் கையெழுத்துப் போடாத நாட்டுக்கும் பொருந்தும். இருந்தும் 2021 பிப்ரவரியில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்திருந்தபோதே 1,086 மியன்மார் நாட்டவர் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள், ராணுவப் புரட்சி நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில்.

வேறு நாடு போக எல்லோருக்குமே ஆசைதான். எடுப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த நாடுதான் முடிவு செய்யும். உலக அளவில் ஆண்டுக்கு நூற்றில் ஒரு அகதிக்குக்கூட அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் திட்டத்தை நிறுத்தி வைத்தபோது, பெட்டி கட்டியிருந்தவர்கள் இங்கேயே நின்றுவிட்டார்கள். வியட்நாம் அகதிகள் 2 லட்சத்துக்கு மேல் மலேசியா வழியாகப் போனார்கள். பூலாவ் பீடோங் முகாமை மூட 1991 ஆனது, சுங்கை பீசி முகாமை மூட 1996 ஆனது. அதற்கே 20 ஆண்டு. மேல்மாடிக் குடும்பமும் நீண்ட காலம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

மேல்வீட்டுல பதினாலு வயசுப் பொண்ணுக்குக் கல்யாணம் பேசறாங்க. அவங்க வழக்கம்னு விட்டுடறதா?

விடக்கூடாது. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் இந்த நாட்டில் இருக்கும் 18 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே 15999 எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். ஆனால் முதலில், மேலே சொன்ன அந்த மலாய் தெரிந்த பெண்ணிடம் பேசிப் பாருங்கள். பல வீடுகளில் வறுமையும் ‘பெண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும்’ என்ற பயமும்தான் காரணம். கற்றல் மையத்தில் ஓர் இடம் கிடைத்தால் பேச்சு தள்ளிப்போகும். ஆபத்து உடனடியாக இருந்தால் பேச்சுவார்த்தைக்குக் காத்திருக்க வேண்டாம்.

ரெய்டு வந்தா நான் என்ன செய்யணும்? காட்டிக்கொடுத்த பாவமும் வேண்டாம், சட்டத்துல மாட்டிக்கவும் வேண்டாம்.

அதிகாரிகளைத் தடுக்காதீர்கள், பொய் சொல்லாதீர்கள், யாரையும் உங்கள் வீட்டுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். அதே நேரம், கேட்காமலே எந்த வீட்டில் யார் என்று கையை நீட்டிக் காட்ட வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. கார்டு இருப்பவரென்று தெரிந்தால் அதை மட்டும் சொல்லலாம்.

பிடிபட்டவர் பற்றி உடனே தகவல் போக வேண்டும். கைது, தடுப்புக்காவல் பற்றிச் சொல்ல யுஎன்எச்சிஆரிடம் தனி எண் உண்டு. சமூகத்துப் பெரியவரிடம் அது இருக்கும், காவலாளி அறையிலும் எழுதி வையுங்கள். குடிநுழைவுத் தடுப்பு முகாமுக்குள் போய்விட்டால் சிரமம் அதிகம், 2019 ஆகஸ்டிலிருந்து யுஎன்எச்சிஆருக்கே உள்ளே அனுமதி இல்லை. அப்புறம் பிள்ளைகள். அப்பா சந்தையில் பிடிபட்டு, அம்மாவும் இல்லாத வீட்டில் சின்னப் பிள்ளைகள் தனியாக இருக்கக்கூடும். அப்படி நடந்தால் எந்த உறவினர் வந்து அழைத்துப் போவார், அவர் எண் என்ன என்பதை அந்தக் குடும்பத்திடம் இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.